அரை ஆள்

எங்கள் சங்கத்துக்கு யாப்பு, அதாவது அமைப்பு விதிகள், எழுதும் குழுவில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் மடிக்கணினி. இத்தாலியின் பலெர்மோ நகரில் எந்தப் பகுதியில் எத்தனை தமிழர் என்று பட்டியல் போடவேண்டும். இருபது பேருக்கு ஒரு பிரதிநிதி. வாக்கெடுப்பு சனிக்கிழமை மாலை; ஞாயிறு மண்டபம் கிடைக்காது.

சிஞ்ஞோராக்கள் என்ற இத்தாலிய எசமானிகளின் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண்களில்தான் சிக்கல். அவர்கள் வெளியே வருவது வியாழன் பிற்பகலும் ஞாயிறும் மட்டும். அம்மாவும் அவர்களில் ஒருவர்.

"அவையளையும் எண்ணு, பிள்ளை," என்றார் பல்லரோப் பகுதியில் கடை வைத்திருக்கும் சங்கத் தலைவர். அந்தப் பெண்களின் குடும்பங்கள் அங்கேதான் அதிகம்.

"சனிக்கிழமை வரமாட்டினம். எண்ணி என்ன?" என்றார் போர்கோ வெக்கியோப் பகுதிக்காரர். "உங்கட பக்கத்துக்குப் பிரதிநிதிக் கதிரை கூட வேணும் எண்டு சொல்லுங்கோவன்."

"கதிரை எனக்கோ? நான் கடையிலை நிண்டே பழகினவன்."

கடைசியில் ஆளுக்கு அரை என்று முடிவாகியது. நானும் மறுக்கவில்லை. விரிதாளில் 0.5 என்று அடித்து, அவர்களின் நிரல் முழுவதும் இழுத்துவிட்டேன். பதினேழாவது நிரையில் அம்மா.

வீடு திரும்பும் பகேரியா ரயிலில் இரண்டு தரம் இடம் மாறி உட்கார்ந்தேன். பள்ளியில் படித்தது நினைவில் வந்தது. அமெரிக்கக் குடியரசை உண்டாக்கியபோது அடிமைகளை முழு ஆளாக எண்ணச் சொன்னவர்கள் எசமான்கள்தான். தலை கூடினால் சபையில் ஆசனம் கூடும். மற்றவர்கள் எண்ணவே கூடாது என்றார்கள். ஐந்தில் மூன்று என்று முடித்தார்கள். அடிமைகளுக்கு வாக்கு இல்லை. அநியாயம் அந்தப் பின்னத்தில் இருக்கிறது என்று எழுதி நான் நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். ஒரு முழு ஆளாக எண்ணியிருந்தாலும் எசமானுக்குத்தான் லாபம் என்பது ரயிலில்தான் உறைத்தது.

அம்மா அடிமை இல்லை. சம்பளம் இருக்கிறது, பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி இருக்கிறது. ஆனாலும் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, சங்கத்திலை உங்களை அரை ஆளா எண்ணியிருக்கு."

"எந்த அரை? வேலை செய்யிற அரையோ, நித்திரை கொள்ளுற அரையோ?" சிரித்தார். "ஆர் எண்ணினது?"

"நான்தான்."

"அப்ப நீயே திருத்து."

0.5 ஐ 1 ஆக்க ஒரு நொடி போதும். பக்கத்தில் இன்னொரு நிரல் சேர்த்தேன்: வாக்குப் போட வரக்கூடியவர். இரண்டும் ஒத்துவராத இடமெல்லாம் சிவப்பு. பட்டியலில் வாக்கெடுப்பு நாளை வியாழன் பிற்பகலுக்கு மாற்றியதும் அந்தப் பெண்களின் சிவப்பு மறைந்தது. குழுவுக்கு அனுப்பினேன்.

"வியாழன் கடை பூட்ட ஏலாது, பிள்ளை," என்று தலைவர் எழுதினார்.

"அப்ப உங்களை அரையா எண்ணட்டோ, அங்கிள்?"

வாசித்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. வீடு போய்ச் சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.