எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே இன்ஸ்டாலர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று காலை அங்கிருந்து மேனேஜர் போன் செய்தார்.

"இன்னா தம்பி, உன் சாஃப்ட்வேர் என் புது ஆப்பிள் மேக்ல இன்ஸ்டாலே ஆவல. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது?"

"அது விண்டோஸ் இன்ஸ்டாலர் சார். மேக்குக்குத் தனியா செய்யணும். கொஞ்சம் டைம் குடுங்க."

"ஒரே சாஃப்ட்வேருக்கு எதுக்குப்பா ரெண்டு? சும்மா பேஜார் பண்ணாத."

சொல்பவர் யார் தெரியுமா? ஒரே மாடல் ஷூவை ஜப்பானுக்கு ஒரு கால் அச்சிலும் ஜெர்மனிக்கு வேறு அச்சிலும் செய்யச் சொல்பவர். அச்சு மாறிவிட்டால் கம்பெனியே அதிரக் கத்துபவர். அதைத்தான் நினைவுபடுத்தினேன்.

"அது கால், தம்பி. ஊருக்கு ஊர் மாறும். இது மெஷின்தானே?"

மாலையில் வாட்ஸ்அப்பில் வந்தார். மேக் ஃபைல் என்றால் பெயர் 'டிஎம்ஜி' என்று முடிய வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். என் விண்டோஸ் ஃபைலின் பெயரில் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு அதைப் போட்டாராம்.

"அப்பவும் ஓடல. மிஸ்டேக் உன்னுதுதான்."

ஜப்பான் ஷூ டப்பாவில் ஜெர்மனி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் ஜெர்மன்காரன் கால் உள்ளே போய்விடுமா என்று அவரிடம் கேட்க வேண்டும். எனக்கு அடுத்த மாதமும் அங்கேதான் பிழைப்பு. உங்களில் யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்.