கணவரின் பாஷையில் ஒரு சொல்

கஞ்சியை வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் கிங்-ஃபோங். ஒரு பருக்கை தப்பினாலும் புரையேறும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். மணிக்கட்டு வலித்தது. வலிக்கட்டும். இன்று மாலை அவள் கணவர் செங் வாயால் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் காலையில் மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் போட்டால், அதைப் பிடுங்காமலிருக்கக் கையையும் கட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில்காரருக்குக் குத்துச்சண்டைக்காரன் போல உறை மாட்டிக் கட்டிலோடு கட்டியிருந்ததை அவள் தினமும் பார்க்கிறாள்.

பக்கவாதம் செங்கின் வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கான்டனீஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சீனக் கடலோர ஊரான ஸ்வாதாவிலிருந்து ஹாங்காங்குக்கு இளைஞனாக வந்து, அரிசிக் கடையில் மூட்டை தூக்கியபடி கற்ற பாஷை அது. அந்தப் பாஷையில்தான் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார், பிள்ளைகளைத் திட்டினார். இப்போது மிஞ்சியிருப்பது, பிறந்தபோது காதில் விழுந்த ஸ்வாதாப் பேச்சான தியோச்சு மட்டும். அதில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் தங்கையோடு போனில் பேசும்போதெல்லாம், "சேவல் சண்டை முடிஞ்சுதா?" என்று கேலி செய்ததோடு சரி.

மாலை வார்டில் அவள் கரண்டியை நீட்டினாள்.

"வாயைத் திற."

செங் உதட்டை இறுக்கினார்.

"திறய்யா, சாவுகிராக்கி! உனக்காகத்தானே மதியத்திலேர்ந்து கை ஒடியுது!"

அவர் கலங்கிப்போய் அவள் முகத்தையே பார்த்தார். தெரிந்த முகம்தான். ஆனால் அதிலிருந்து வருவது வெறும் இரைச்சல்.

நர்ஸ் ஜியாங் வடக்கிலிருந்து வந்தவள். "நான் சொல்லிப் பாக்கறேம்மா" என்று மாண்டரினில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் பலிக்கவில்லை. "எழுத்து எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று கிங்-ஃபோங் ஒரு அட்டையில் 'விழுங்கு' என்று பெரிதாக எழுதிக் காட்டினாள். பேச்சுதான் ஊருக்கு ஒன்று, எழுத்து சீனா முழுக்க ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே. செங் அட்டையை இடது கையால் வாங்கி, திருப்பிப் பார்த்து, விசிறிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஸ்வாதாவில் இருந்த நாத்தனார் லி-கியாவை அழைத்தாள். அந்தம்மாளுக்குக் கான்டனீஸ் வராது. இருவரும் பேசுவது மாண்டரினில். இருவருக்குமே அது நொண்டி.

"அண்ணன் சாப்பிட மாட்டேங்கிறார். வாயைத் திற, விழுங்குன்னு உங்க பேச்சில எப்படிச் சொல்றது?"

"நாப்பது வருஷம் ஒரே கட்டில்ல படுத்தீங்க அண்ணி. இதுகூடவா தெரியாது?"

"அவர்தான் எங்க பாஷையைக் கத்துக்கிட்டாரே. எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"இப்போ எதுக்குன்னு தெரியுதா?"

"திட்டறதை அப்புறம் திட்டு. இப்போ சொல்லு."

"சரி, டீ குடுத்தீங்களா?"

"டீயா? கஞ்சியே இறங்கலைங்கிறேன்."

"டீ குடுக்காம எங்க வீட்ல யாரு சாப்பாட்டுல கை வச்சாங்க? முதல்ல டீ. கறுப்பா, கசப்பா. அப்புறம் போனை அவர் காதுல வைங்க."

கிங்-ஃபோங் வார்டின் வெந்நீரில் கடுந்தேநீர் போட்டாள். தண்ணியாகக் கொடுக்கக் கூடாது என்பதால் மருத்துவமனையில் கொடுத்த கெட்டியாக்கும் மாவைக் கலந்து பசையாக்கினாள். பார்க்கவே சகிக்கவில்லை. போனைக் காதில் வைத்ததும் லி-கியாவ் ஏதோ சொன்னாள். செங்கின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வாய் திறந்தது.

ஒரு கரண்டி தேநீர் இறங்கியது. இன்னொன்றும். பாஷைதான் பிரச்சினை, வேறொன்றும் இல்லை, நான்தான் வீணாகப் பயந்தேன் என்று கிங்-ஃபோங் கஞ்சிக்குத் தாவினாள். அதையும் அவர் ஆசையோடு வாங்கிக்கொண்டார். தங்கை சொல்லச் சொல்ல, விழுங்க முயன்றார்.

விழுங்க முடியவில்லை. முகம் கறுத்தது. இருமல்கூட வரவில்லை. நர்ஸ் ஜியாங் ஓடிவந்து, அவரை ஒருக்களித்துச் சாய்த்து, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தாள். மூச்சு திரும்ப வரும்வரை கிங்-ஃபோங் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் லி-கியாவ், "என்னாச்சு? அண்ணி, என்னாச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் புரியுதும்மா" என்றாள் நர்ஸ். "ஆனா தொண்டைதான் கேக்க மாட்டேங்குது. கொஞ்சமா இறங்கினாத் தாங்குது, வயிறு நிறையற அளவுக்குத் தாங்கலை. இனிமே கட்டாயப்படுத்தினா நுரையீரலுக்குப் போயிடும்."

கிங்-ஃபோங் மீதிக் கஞ்சியைக் கழிவுத்தொட்டியில் கொட்டினாள். பிறகு போனை எடுத்து, "விழுங்குங்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பச் சொல்லு" என்றாள். லி-கியாவ் அழுதுகொண்டே சொன்னாள். "அழாம சொல்லு. எனக்கு விளங்கலை." வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே முணுமுணுத்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

காலையில் குழாய் போட வந்தார்கள். மூக்கிலிருந்து காது, காதிலிருந்து வயிறு என்று நர்ஸ் ஜியாங் அளந்து அடையாளம் வைத்தாள். குழாய் தொண்டையைத் தொட்டதும் செங் தலையை உதறினார். இடது கையால் நர்ஸின் மணிக்கட்டைப் பற்றினார். "விழுங்குங்க ஐயா, விழுங்குங்க" என்று அவள் கான்டனீஸிலும் மாண்டரினிலும் மாறி மாறிச் சொன்னாள். கண் பிதுங்கியதே தவிர, தொண்டை அசையவில்லை.

கிங்-ஃபோங் குனிந்து அவர் காதில் அந்தத் தியோச்சுச் சொல்லைச் சொன்னாள். உச்சரிப்பு மோசமாகத்தான் இருந்திருக்கும். செங் உதறுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மறுபடி சொன்னாள். தொண்டை மேலேறி இறங்கியது. குழாய் உள்ளே நகர்ந்தது. மறுபடி சொன்னாள்.

அடையாளம் வரை போனதும் நர்ஸ் அவர் மூக்கில் பட்டை ஒட்டினாள். அவர் கையைக் கட்ட உறையை எடுத்தபோது கிங்-ஃபோங், "இங்க குடுங்க சிஸ்டர்" என்று வாங்கி, அவர் இடது கையில் தானே மாட்டினாள். நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துக் கட்டினாள். பிறகு நேற்றைய தேநீர்க் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.