குழியில் இறங்காத மனுஷன்

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது. என் புருஷன் தறிக்குழிக்குள் கால் வைக்க மாட்டார். மருதமுனையில், நெசவே பிழைப்பாக இருக்கிற வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் இப்படியென்றால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த நாளில் எங்கள் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. நிலத்தில் குழி வெட்டியிருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். அவர் விளிம்பு வரைக்கும் வந்தார், குழியைப் பார்த்தார், நெற்றி வேர்த்துவிட்டது. பிறகு ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டார். நூல் சுற்றுவது எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளின் வேலை. நான் நெய்தேன், அவர் சுற்றினார். ஊர் சிரித்தது, எனக்கு மானம் போனது.

இது ஐம்பதுகளின் தொடக்கம். சண்டைக் காலத்தில் அவர் வெள்ளைக்காரனுடைய பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, எகிப்துப் பக்கத்து மணல்காட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவர். கலியாணம் பேசும்போது அதுதான் பெருமையாக இருந்தது. வந்த பிறகு பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. முற்றத்தில் நடந்தால் குனிந்துதான் நடப்பார். எதையோ தவறவிட்டுத் தேடுகிறார் என்று பக்கத்து வீட்டார் நினைத்தார்கள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி வேலியோரம் போய் நிற்பார். வெளிச்சம் வந்து கடல் தெரிந்த பிறகுதான் திரும்புவார். ஜின் பிடித்திருக்கிறது என்று என் உம்மா தண்ணீர் ஓதி வாங்கிவந்தா. அவர் மறுக்காமல் குடித்தார். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கோபம் வந்தால் நாலு வார்த்தை திருப்பிப் பேசுகிற மனுஷனோடு வாழலாம், எல்லாவற்றுக்கும் சரி, ஓம் என்கிறவரோடு எப்படி வாழ்வது? பயந்தாங்கொள்ளி என்று அவர் முகத்துக்கு நேரேயே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. அதற்குப் பிறகுதான் உம்மா படுக்கையில் விழுந்தா. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்தது. ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டுக் கிட்டே இருத்தினா. நான் தலைமாட்டில் இருந்தேன்.

"மருமகன், எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல. நீங்கதான் என்னக் கபுறுக்க இறக்கி வைக்கணும். வேற ஆருட கையும் என்னில படக் கூடா."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் மாமி" என்றார்.

உம்மா கேட்டதில் பிழையில்லை. ஒரு பெண்ணின் மையித்தைக் கபுறுக் குழிக்குள் இறங்கி வாங்கி வைப்பது மஹ்ரமான, அதாவது அவளைக் கலியாணம் முடிக்க முடியாத உறவுள்ள ஆண்கள். வாப்பா மௌத்தாகி வருடங்கள் போய்விட்டன. எனக்கு நானா, தம்பி கிடையாது. உம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மிஞ்சியது மருமகன் ஒருவர்தான். முடியாவிட்டால் வயதான ஒருவர் இறங்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் உம்மா வாயைத் திறந்து கேட்டுவிட்டா, இவர் ஓம் என்றும் சொல்லிவிட்டார். முழு ஊரும் பார்த்திருக்க, குழியின் ஓரத்தில் இந்த மனுஷன் வேர்த்துப்போய் நின்றால்? அந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. சோறு இறங்கவில்லை. உம்மாவின் மூச்சைக் கேட்பேன், உடனே அவரைத் திரும்பிப் பார்ப்பேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நான் ஒரு கள்ளத்தனம் செய்தேன். நெய்துகொண்டிருக்கும்போது கைதவறியதுபோல, நூல் ஓட்டுகிற நாடாவைக் குழிக்குள் போட்டுவிட்டு, எனக்கு இடுப்பு வலிக்கிறது, இறங்கி எடுத்துத் தாருங்கள் என்றேன். அவர் எழும்பி வந்தார். குழியைப் பார்த்தார். வெளியே போய் ஒரு கம்பைக் கொண்டுவந்து, விளிம்பில் குப்புறப் படுத்து, நாடாவைக் கிளறி எடுத்துத் தந்தார்.

"இந்தக் குழிக்கே இப்பிடி என்டா, உம்மாட கபுறுக்க என்னெண்டு இறங்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அவர் கோபப்படவில்லை. ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதுவரை சொல்லாததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். அங்கே மணல்காட்டில் வீடு என்று இருந்தது டிரெஞ்சு என்கிற பதுங்குகுழிதானாம். நெஞ்சளவு ஆழம், இரண்டு பேர் ஒட்டி நிற்கிற அகலம். வெட்டினால் மணல் நிற்காது, சரியும். சாக்கில் மணலை நிரப்பி இரண்டு பக்கமும் அடுக்க வேண்டும், விடிந்தால் பாதி சரிந்து கிடக்கும், திரும்பவும் அடுக்க வேண்டும். விடியுமுன் எல்லாரும் துவக்கோடு எழும்பி நிற்க வேண்டும், எதிரி வருவதென்றால் அந்த நேரம்தான் வருவான். வெளிச்சம் வந்துவிட்டால் அன்றைக்கு இல்லை என்று அர்த்தம். பிறகு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர். முகம் கழுவ, தாடி வழிக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர். டின்னில் வந்த இறைச்சி ஹலாலோ என்னவோ என்று இவர் தொடவில்லை, மாதக்கணக்கில் பிஸ்கட்டும் ஜாமும்தான். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யத் தண்ணீர் இல்லாததால் மணலைத் தொட்டுத் தடவித் தயம்மும் செய்வார்கள். நிமிர்ந்து நின்றால் தலை தெரியும், அதனால் தொழுததும் உட்கார்ந்தேதான். பகல் முழுக்க ஈ. சாப்பாட்டில் ஈ, கண்ணில் ஈ. அதற்குள்ளேயே சீட்டாடினார்கள், சட்டையைக் கழற்றிப் பேன் பார்த்தார்கள், ஊர்ப் பலாப்பழத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்தார்கள். சண்டை என்று நடந்தது கொஞ்ச நேரம்தானாம், மிச்சமெல்லாம் காத்துக்கொண்டிருந்ததாம்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள், அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அன்றைக்கு நானும் கேட்டேன். ஒருத்தரையும் இல்லை என்றார். பிறகு ராட்டையைச் சுற்றத் தொடங்கினார்.

ஏழெட்டு நாள் கழித்து, ஒரு காலையில் உம்மா போய்விட்டா. குளிப்பாட்டிக் கபன் துணி இட்டு, மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கத்துத் தண்டில் அவர் தோள் கொடுத்தார். நாங்கள் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அடக்கம் செய்கிற மையவாடி கடல் பக்கம் இருக்கிறது, முழுக்க மணல். வெட்டினால் சரிகிற மணல். இது அவ்வளவு நேரமும் எப்படி என் மூளைக்கு எட்டாமல் போனது? உம்மாவுக்காக அழ வேண்டிய நான் அவருக்காக நடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைத் தேற்றினார்கள். அவர்களுக்கு நான் எதற்கு நடுங்குகிறேன் என்று தெரியாது.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை.

பள்ளிவாசல் லெப்பை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தொண்டையைச் செருமி, நடந்ததைச் சொன்னார். யாரும் கூப்பிடுமுன்னமே என் புருஷன் கபுறுக்குள் இறங்கிவிட்டாராம். மையித்தை வாங்கி, கட்டுகளை அவிழ்த்து, தொழுகிற திசையான கிப்லாப் பக்கம் முகத்தைத் திருப்பி, எல்லாவற்றையும் ஒரு பதற்றமும் இல்லாமல் செய்தாராம். பலகை வைக்க வேண்டும், ஏறி வாருங்கள் என்று கை நீட்டியபோதுதான் வராமல் நின்றாராம். கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசியில் நாலு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியெடுத்தார்களாம். இப்போது அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

அஸர் முடிந்த பிறகு வந்தார். சாரமெல்லாம் மணல். அறைக்குள் கூட்டிப் போய் இருத்தினேன்.

"இறங்கிறத்துக்கு எனக்கு ஒரு நாளும் பயமில்ல. ஏறி வாறதுதான் ஏலா" என்றார். "அங்க ரெண்டு பேர் ஒரு டிரெஞ்சுக்க இருந்தம். குண்டு விழுந்து மணல் சரிஞ்சிட்டு. அவன்ட கை மட்டும் வெளிய தெரிஞ்சிச்சு, விரல் அசைஞ்சிச்சு. எல்லாரும் ஓடு ஓடு என்டாங்க. நான் ஏறி ஓடிட்டன்."

எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டேன். நிந்தவூர் என்றார். அவனுடைய உம்மா இருக்கிறாவா என்று கேட்டேன். இருக்கிறா, மகன் காய்ச்சலில் மௌத்தானதாக அவவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றார். நிந்தவூர் எங்களுக்கு பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை.

"உம்மாட ஏழாம் நாள் கத்தம் முடியட்டும்" என்றேன். "ரெண்டு பேருமாப் போய் அந்த உம்மாட்ட சொல்லுவம்."

எல்லாவற்றுக்கும் ஓம் என்கிற மனுஷன் அன்றைக்கு ஓம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காதுக்குள் போயிருந்த மணலைச் சுண்டுவிரலால் எடுத்துக்கொண்டே இருந்தார்.