திறப்பைக் கையில் தருகிறவரைத் தேடித் தண்ணீரூற்றுக்கு

இந்த வருடம், 2004 ஆனி மாதத்தில், ஒரு சனிக்கிழமை வவுனியாவிலிருந்து தண்ணீரூற்றுக்குப் போய்வந்தேன். கோயிலுக்கும் இல்லை, கடல் பார்க்கவும் இல்லை. ஒப்பந்தம் பேசிக் கட்டடம் கட்டித் தருகிற ஒரு கொந்தராத்துக்காரரைப் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். சண்டை நின்று பாதை திறந்தபின் வன்னியில் கடை கட்ட நினைத்திருக்கும் ஆட்களுக்கு இந்தப் பயணம் என்றாவது தேவைப்படும்.

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. அதில் பேக்கரி கட்டுகிறோம். முன்னால் கடை, பின்னால் பாண் சுடும் போறணை, பக்கத்தில் நாங்கள் இருக்க இரண்டு அறை. என் கணவர் சுவிசில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். போய் ஒன்பது வருடம். "கடை முடியட்டும், அடுத்த பிளேனிலை வாறன்" என்பது அவர் தந்த வாக்கு. ஆகவே கட்டடம் முடிவது என்றால் எனக்கு அவர் வருவது. வேறு கணக்கு என்னிடம் இல்லை.

செலவு மிச்சம் என்று நினைத்து மேசன் ஒருவர், தச்சர் ஒருவர், கூரைக்கு ஒருவர், போறணைக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தோம். வாங்கிக் கட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும். நிலை வைத்த கதையை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். வாசல் நிலை வைக்கச் சாத்திரியார் குறித்துத் தந்த நல்ல நேரம் காலை ஒன்பது முதல் ஒன்பதரை. ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னால் ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வவுனியாவில் அரசாங்கத்தின் புது நேரம், வன்னிக்குள் இயக்கத்தின் பழைய நேரம். வவுனியாத் தச்சர் நிலைக்குச் சந்தனம் குங்குமம் பூசிக்கொண்டு ஒன்பது மணிக்குத் தயாராக நின்றார். கிளிநொச்சி மேசன் தன் கை மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டரை. "இன்னும் நேரம் கிடக்கு, சாப்பிட்டிட்டு வாறன்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் திரும்பியபோது தச்சருக்கு ஒன்பதரை தாண்டிவிட்டது. "நல்ல நேரம் போயிட்டுது. இனி நான் கை வைக்கமாட்டன்" என்று அவரும் வெளிக்கிட்டார். நிலை வேப்பமரத்தில் சாய்ந்தபடியே வெயிலில் கிடந்து முறுகியது. இரண்டு பேரிலும் பிழை சொல்ல முடியவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிறகு ஒரு மாதிரி நிலை வைத்து, கூரையும் போட்டு முடிந்தது. அப்போதுதான் போறணைக்காரர் வந்து நிமிர்ந்து பார்த்து, "புகைபோக்கி எதுக்குள்ளாலை போறது?" என்று கேட்டார். கூரைக்காரருக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான், எல்லா வேலையையும் தானே பொறுப்பெடுத்துச் செய்து, பூட்டிய கதவின் திறப்பைக் கையில் தருகிற ஒரு மனிதர் தண்ணீரூற்றில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

காலை ஏழு மணிக்கு வவுனியாவில் பஸ். ஓமந்தை பதின்மூன்று கிலோமீற்றர்தான், ஆனால் இராணுவச் சோதனை வரிசையில் ஒரு மணித்தியாலம் போய்விடும். பையைக் கொட்டிக் காட்டி, மறுபக்கம் நடந்து, வேறு வான் வண்டியில் ஏறினால் புளியங்குளம். அங்கே இயக்கத்தின் பக்கம் இன்னொரு பதிவு. பிறகு ஆட்டோ. போய்வர, காத்து நிற்க, எல்லாமாக இரண்டாயிரம் ரூபாய் பேசினேன். ஆட்டோக்காரர் செல்வம் வாய் ஓயாத ஆள்.

"தண்ணீரூற்றிலை ஆரிட்டை அக்கா?"

"நிசாம் நானாவிட்டை. கட்டடக் கொந்தராத்து."

"ஐயோ, அந்த வாய்க்காரரோ! அவரின்ரை புளுகைக் கேக்க ஒரு நாள் காணாது. ஆனா சொன்ன தவணைக்கு முடிப்பார், பொய் சொல்லக்கூடாது."

நெடுங்கேணி வரை ஒரே கிரவல் புழுதி. வீதியோரம் கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். வயல் வெளியில் ஒருவர் மனைவியைச் சைக்கிள் பாரில் இருத்தி மிதித்துக்கொண்டு போனார். அவள் ஏதோ சொல்ல அவர் குனிந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் புழுதி என்று செல்வத்துக்குச் சொன்னேன்.

நிசாம் நானா தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து, பாதை திறந்ததும் திரும்பி வந்தவர். தான் கட்டிய மூன்று கடைத் தொகுதியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கதவு எல்லாம் ஒரு விரலால் தள்ளத் திறந்தது.

"சுவர் வெடிச்சாலும் நான், லைட் எரியாட்டியும் நான். மேசனைக் கேளு, தச்சனைக் கேளு எண்ட கதை என்னட்டை இல்லை. என்ரை வேலைத்தலத்திலை ஒரு மணிக்கூடுதான்" என்றார். தனித்தனியாகக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடத்தான் கேட்டார். மாரி மழைக்கு முன் முடித்துத் தருவதாகவும் சொன்னார். பிறகு எங்கள் கட்டடத்தில் நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேள்வி மேல் கேள்வி.

"முன் கதவு ஏன் மாறினது?"

"எங்கட வீட்டுக்காரர்தான் போனிலை சொன்னவர். இரும்புச் சட்டர் வேண்டாம், மரக்கதவு போடச் சொல்லி."

"பிறகு?"

"மரக்கதவு செய்து முடிய, திரும்பச் சட்டர் எண்டார். அறைச்சுவர் எழும்ப, அதை இடிச்சுப் பெருப்பிக்கச் சொன்னார்."

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று சொல்லிச் சிரிக்க வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை. வேலை முடியப்போகிற ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு மாற்றம் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் நான் மேசனையும் தச்சரையும் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நானா பார்வையை வேறு பக்கம் திருப்பினார். "தங்கச்சி, நான் ஒராள் செய்யிறன். உங்கட பக்கத்திலையும் ஒராள்தான் சொல்லோணும். அது ஆரெண்டு முடிவெடுத்துப்போட்டு வாங்கோ" என்றார்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அடையாள அட்டையை மறக்காதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். எவ்வளவு அவசரமென்றாலும் வீதியைவிட்டுப் பற்றைக் காட்டுக்குள் இறங்காதீர்கள். கடை கட்டுவதென்றால் ஒருவரிடமே முழுவதையும் கொடுங்கள், ஆனால் புகைபோக்கி வரை எல்லாவற்றையும் முதலே பேசிவிடுங்கள். வேலை நடக்க நடக்கத் தவணையாகக் காசு கொடுங்கள். வீட்டிலும் ஒரு வாய்தான் பேச வேண்டும். எங்கள் வீட்டில் அது யார் என்று அன்று பின்னேரமே வவுனியாத் தொலைபேசிக் கடையில் முடிவாயிற்று.

"மாரிக்கு முன்னம் முடிச்சுத் தருவாராம்" என்றேன்.

"இன்னொரு மாடி எடுப்பமே?" என்றார்.

"உங்களுக்கு வர விருப்பமில்லையோ?"

"தலைமயிர் எல்லாம் கொட்டிட்டுது. என்னைப் பாத்தா உமக்கு ஆரெண்டே தெரியாது" என்றார். பிறகு, "திரும்பச் சண்டை தொடங்கினா?"

"தொடங்கினா சேந்து ஓடுவம். தனிய ஓடி ஓடிக் களைச்சிட்டன்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப அந்த நானாவிட்டைச் சொல்லும், போறணை வாயை என்ரை நெஞ்சு உயரத்துக்கு வைக்கச் சொல்லி. குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு போச்சு."

"இதுதான் கடைசி மாற்றம்" என்றேன். "ஓம்" என்றார்.

எத்தனை அடி என்று கேட்காமலே போனை வைத்துவிட்டேன். திரும்ப எடுக்கவும் இல்லை. நான் கட்டை, என் நெற்றி அவர் நெஞ்சுக்குத்தான் வரும். வீட்டுக்கு வந்து சுவரில் நெற்றியை முட்டி நின்று, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். நாலு அடி மூன்று அங்குலம். அதைத்தான் நானாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.