ஊதா மருந்து

மரக்காணம் உப்பளத்தில் கன்னியப்பன் அளவுக்கு உப்பு வார ஆளில்லை என்பார்கள். அந்த மனிதருக்குக் கால்தான் பிழைப்பு. உப்பு கீறிப் புண்ணானால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். நர்ஸம்மா ஊதா மருந்தைத் தடவி அனுப்புவார், ஆறிவிடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உண்டு. இவருக்கு ஊதாவெல்லாம் மருந்து.

எண்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடந்தது. செந்தமிழ் என்ற ஆராய்ச்சி மாணவி, உப்பங்கழிப் பாறையில் திரியும் கடல் முயலைப் பிடித்துத் தர ஆள் தேடி வந்தாள். ஓடில்லாத நத்தை மாதிரி இருக்கும். தொட்டால் ஊதாச் சாயம் கக்கும். கன்னியப்பன் போனார்.

"இத்த வச்சி இன்னாம்மா பண்ணுவே?"

"இந்தச் சாயத்துல மருந்து இருக்குதான்னு பாக்குறோம்ணா. கண்ணாடித் தட்டுல கிருமிய வளத்து இத்த ஊத்துனா, கிருமி செத்துப் போவுது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. கண்ணாடித் தட்டு வேறு, மனுஷன் கால் வேறு என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே பாறையில் சிப்பி அவர் காலைக் கிழித்தது. கையிலிருந்த கடல் முயலைக் காயத்தின் மேல் பிழிந்தார். அதே ஊதா. மனைவி சாலம்மாள், "ஆஸ்பத்திரிக்குப் போயேன்யா" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"நர்ஸம்மா தடவுறதும் இதான்டி. இது ஃப்ரெஷ்ஷு!"

தினமும் பூசினார். வலி இல்லை என்று சந்தோஷம் வேறு! சர்க்கரை வியாதி கால் உணர்ச்சியைத் தின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. நாற்றம் வந்த பிறகுதான் பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் பஞ்சால் துடைக்கத் துடைக்க ஊதா போனது. அடியில் பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் புண்ணைக் கழுவிப் பார்த்திருக்கக் கூடாதா?

சேதி கேட்டு செந்தமிழ் ஓடி வந்து அழுதாள். கன்னியப்பன்தான் தேற்றினார்.

"உன்மேல தப்பில்லம்மா. அந்த மருந்து எப்ப வரும்?"

"வருமான்னே தெரியாதுண்ணா. வந்தாலும் பல வருஷம் ஆவும்."

"ஆவட்டும். ஒண்ணு மட்டும் பண்ணு. அந்தக் கலர எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லு. புண்ணு வெளிய தெரியணும்."

அந்தக் கலர்தான் மருந்து என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டினாள்.