டிரைவர் அண்ணன் இல்லாத ரவுண்டு

மாணிக்கம் அண்ணன் போய்விட்டார்.

எனக்கு அது தெரியவந்த விதம்தான் அசிங்கம். காலையில் பார்க் வாசலில் நின்றுகொண்டு, இன்னும் வராதவருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "இன்னா டிரைவரண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆவலயா? நாலு பேர இட்டாந்து தள்ளட்டுமா?"

கேட்டது அவர் மகள். திரும்பக் கூப்பிட்டு, "அப்பா விடிகாலையில தவறிட்டாருங்க மாமா" என்றாள்.

நாலு பேர் என்றேனே... இந்த வாயை என்ன செய்வது?

எனக்குச் சர்க்கரை வந்ததும், நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் தினமும் நடக்கச் சொன்னாள். மொட்டை மாடியில் செல்போன் பார்த்தபடி நடந்தேன். சர்க்கரை குறையவில்லை. தண்ணீர் டேங்கில் இரண்டு முறை முட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகுதான் பார்க். அங்கேயும் போனும் கையுமாகப் போனவனை அண்ணன் மறித்தார். கரியாலூர் மலை ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். "போன உள்ள வைங்க தம்பி. மரத்தப் பாருங்க, காசா கேக்குது?"

ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் புளியமரத்தடியில் ஒரு நிமிஷம் நிற்க வைப்பார். "ரேடியேட்டர் சூடு எறங்கட்டும்."

இறங்கியது. சர்க்கரையும் இறங்கியது. தூக்கம் வந்தது. வீட்டில் கத்துவது கம்மியானதாக என் மனைவியே சர்டிபிகேட் கொடுத்தாள்.

ஒருமுறை கரியாலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். வளைவுக்கு வளைவு, பயணி சீட்டில் உட்கார்ந்துகொண்டே காலால் பிரேக் போட்டார். இறங்கியதும் மூச்சை இழுத்து, "இந்தக் காத்துக்குத்தான் டிரான்ஸ்பரே கேக்காம ஓட்னேன்" என்றார்.

புளியமரத்தடியில்தான் அந்தக் கதையையும் சொன்னார். இடஒதுக்கீட்டுப் போராட்ட சமயம். அப்போது அவருக்கு மூங்கில்துறைப்பட்டு ரூட்டு.

"முன்னாடியும் மரத்த வெட்டிப் போட்டானுங்க, பின்னாடியும் போட்டானுங்க. வண்டிய வுட்டுட்டுப் போவ முடியுமா? ரெண்டு நாளு வெயில்ல கெடந்தேன். நெழலுக்குன்னு இருந்த ஒரே புளியமரம், ரோட்டுல படுத்துக்கினு இருந்திச்சி."

"வெட்னவங்க மேல கோவம் இல்லயாண்ணே?"

"கேட்டது நியாயம்தான் தம்பி. மரம் இன்னா பண்ணுச்சி? வெட்னவனுக்கும் இந்நேரம் சுகர் வந்திருக்கும். எங்கனா பார்க்குல நெழல் தேடி நடந்துக்கினு இருப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவரைவிட ஜாஸ்தி சிரித்தேன்.

நானும் போராட்டத்துக்குப் போனவன் என்று அவருக்குத் தெரியும். எந்த ரோட்டில் என்று கேட்டதில்லை. பத்தாவதோடு நின்றவன் நான். என் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது அந்த ஒதுக்கீட்டில்தான். போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மரம்...

அடுத்த ரவுண்டில் சொல்லிவிடலாம், அடுத்த ரவுண்டில் சொல்லிவிடலாம் என்றே நடந்தேன். நேற்றும் அப்படித்தான்.

அண்ணனுக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. மறுபடி பார்க்குக்கே வந்துவிட்டேன். நடந்துகொண்டேதான் இதை டைப் செய்கிறேன். எத்தனையாவது ரவுண்டு... தெரியவில்லை. புளியமரம் வரும்போதெல்லாம் நிற்காமல் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

போனைப் பார்த்து நடந்தால் திட்டுவீர்கள். திட்டுங்கள் அண்ணே.

மெதுவாப் போங்க. வளைவு ஜாஸ்தி.

அந்தப் புளியமரத்தை அறுத்த ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் நான்தான்.