முப்பத்தாறிலிருந்து நாற்பத்தாறு வரை

2023 நவம்பர் 18, சனிக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறு மணிக்கு நின்றது, எட்டுக் குடம். ஏழு நாற்பது பஸ். எட்டே காலுக்கு ஷூ கம்பெனி வாசலில் விரல் பதிவு. இருபத்திரண்டு வருடமாக பேக்கிங் பிரிவில் எனக்கு ஒரே வேலைதான். பெட்டியின் மேல் ஒட்டிய சைஸும் உள்ளே இருக்கும் ஜோடியின் சைஸும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். முப்பத்தாறிலிருந்து நாற்பத்தாறு வரை. சனிக்கிழமை என்பதால் ஒன்றரைக்கு விட்டார்கள். இரண்டு முழங்காலும் வலி, வலது ஜாஸ்தி. டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

இரண்டரைக்கு நண்பன் வந்தான். அதே கம்பெனியில் அவன் கட்டிங் பிரிவு. தோல் வெட்டும் பிரஸ்ஸின் கையைத் தள்ளியும் இழுத்தும் அவனுடைய வலது தோள் இறுகிப்போயிருந்தது. கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போடவே மனைவி வர வேண்டும். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பதினெட்டு வருடமாக டிரம்ஸ் வாசிப்பவன் அவன், நான் கீபோர்டு. ஆறு மாதத்துக்குக் குச்சியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர். தயாராக வாங்கிய டிரம் லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டுகளை, கம்ப்யூட்டரில் ஓட்டிச் சமாளிக்கிறேன் என்று அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். "சனிக்கிழமை ஆறரை பிராக்டிஸ்ல ஒழுங்கா வரணும். வரலன்னா வாணியம்பாடியிலேர்ந்து எலக்ட்ரானிக் பேட் வாசிக்கிறவர வரச் சொல்லிடுவேன்" என்றார். ஒருவரை வரச் சொன்னால் பிறகு போகச் சொல்வது கஷ்டம். டிரம்ஸ் ஏற்கெனவே ஸ்டோர் அறைக்குப் போய்விட்டது. நண்பனுக்கு இது தெரியும். அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்: "என் அடி இல்லன்னா போவுது. என் சத்தமாவது இருக்கட்டும்பா."

அதற்காக இரண்டு வாரத்துக்கு முன்பே அவனுடைய டிரம்ஸை ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருந்தோம். அவன் இடது கையால் அடித்தான். பதினோரு சத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, நோட்டில் பட்டியல் எழுதி, அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன்.

லூப் என்று நாங்கள் வாங்கியதில் சத்தம் எதுவும் கிடையாது. எந்த எண், எந்த நேரத்தில், எவ்வளவு பலமாக என்ற குறிப்பு மட்டும்தான். ஜோடி வைக்காத பெட்டியில் லேபிள் ஒட்டியது போல. ஜோடியை நாம்தான் வைக்க வேண்டும். வைத்தாயிற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஓட்டினேன். பெரிய டிரம் விழ வேண்டிய இடத்தில் சிம்பல் தட்டு "டிக்" என்றது. தட்டு ஓட வேண்டிய இடமெல்லாம் டாம் டிரம் உருண்டது. நடுவில் எங்கேயோ பெரிய டிரம் ஒரு தடவை தும்மியது.

"இன்னாபா இது, கல்யாண மண்டபத்துல பாத்திரம் கொட்டுன மாதிரி இருக்குது" என்றான்.

வயரைப் பார்த்தேன். ஸ்பீக்கரை மாற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஆறு லூப்களை வரிசையாக ஓட்டி, எதில் எது தப்பு என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஆறிலும் ஒரே தப்பு. மணி நாலு பத்து. காலையிலிருந்து நின்ற களைப்பு, உட்கார்ந்த பிறகுதான் ஏறியது. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, பக்கத்து வீட்ல கேக்குறாங்க, இன்னா ரிப்பேர் நடக்குதுன்னு."

"சர்ச் ரிப்பேர்னு சொல்லு தங்கச்சி" என்றான் நண்பன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாணியம்பாடிக்காரருக்கு டீச்சர் போன் போட்டுவிட்டால் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

டீ குடித்துக்கொண்டே அவன் என் நோட்டை இழுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"முப்பத்தாறு, ஜோடித் தட்டு. நாப்பத்தாறு, பெரிய டிரம். சின்னதுலேர்ந்து பெருசு." நோட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "டேய், இது நம்ம சைஸ் வரிசைடா! லேடீஸ்ல ஆரம்பிச்சு ஜென்ட்ஸ்ல முடிச்சிருக்கிற. டிரம்ஸுக்கு ஷூ மாட்டி வுட்டுட்டியே!"

லூப்போடு வந்த குறிப்பை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். சத்தங்கள் முப்பத்தாறில் தொடங்கும் என்பது முதல் வரி. அதோடு நிறுத்தியிருக்கிறேன். தெரிந்த எண்ணைப் பார்த்தால் கண் அடுத்த வரிக்குப் போவதில்லை. இப்போது போனது. லூப் செய்தவர்கள் கணக்கில் முப்பத்தாறுதான் காலால் அடிக்கும் பெரிய டிரம். முப்பத்தெட்டு ஸ்நேர் என்கிற சின்ன டிரம். நாற்பத்திரண்டு மூடிய ஜோடித் தட்டு, நாற்பத்தாறு திறந்த ஜோடித் தட்டு. சின்னது பெரியது என்ற வரிசையே அதில் இல்லை. தினமும் ஆயிரம் பெட்டியில் மற்றவர்களின் தப்பைப் பிடிக்கிறவன் நான்.

"வுடு. திங்கக்கிழமை கம்பெனில சொல்லிச் சிரிச்சுக்கலாம்" என்றான்.

சத்தங்களைத் தொடவில்லை. எண்ணை எண்ணுக்கு மாற்றும் அட்டவணை ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. இடது பக்கம் லூப் கேட்கும் எண், வலது பக்கம் எங்கள் சத்தம் இருக்கும் எண். முப்பத்தாறு கேட்டால் நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு கேட்டால் முப்பத்தாறு. அவன் வாசிக்க, நான் நிரப்பினேன். முதலில் ஒன்றும் மாறவில்லை. முன்பே இழுத்துப் போட்ட லூப்கள் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் நீக்கி மறுபடி போட்டேன்.

ஐந்து இருபதுக்கு சரியாக வந்தது. அவனுடைய ஸ்நேர். ஓரத்தில் தோல் சற்றே தளர்ந்த அந்தச் சத்தம் வேறு எதிலும் வராது. அவன் தலையைக் குனிந்து முழுவதும் கேட்டான்.

"சத்தம் என்னுது. அடி யாருதோ" என்றான்.

அட்டவணையில் ஒரு வரி பாக்கி இருந்தது. நாற்பத்தொன்பது: பெரிய கிராஷ் சிம்பல், பல்லவி திரும்பும்போது ஒரே ஒரு அடி. எங்கள் சைஸ் வரிசையில் நாற்பத்தொன்பதே கிடையாது என்பதால் இதுவரை அது மௌனமாகவே போயிருந்தது. அதற்கும் எண்ணைத் தட்டப் போனேன்.

"அத வுடு. காலியா இருக்கட்டும்" என்றான்.

"ஏன்?"

இடது கையைத் தூக்கி விரல்களை ஆட்டிக் காட்டினான். "இது வேலை செய்யுதுல்ல? டாக்டர் சொன்னது அந்தத் தோளுக்குத்தான்."

காலி வரியை விட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை. நோட்டில் நாற்பத்தொன்பதுக்கு எதிரே 'காலி' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பிராக்டிஸில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும், "நம்ம டிரம்ஸேதான். பேட்காரர் வேணாம்" என்றார். பிறகு புருவத்தைச் சுருக்கினார். "பல்லவி திரும்பும்போது ஒண்ணு கேக்கணுமே?"

"நாளைக்குக் கேக்கும் டீச்சர்" என்றான் அவன்.

இடது கையில் நேரம் தவறாமல் அடிப்பானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஐந்து பத்துக்கே எழுந்தேன். தண்ணீர் பிடிப்பதை மனைவியிடம் விட்டுவிட்டு, முதல் வேலையாக சர்ச் சாவியை வாங்கிக்கொண்டு போய் ஸ்டோர் அறையைத் திறந்தேன். சிம்பலையும் ஸ்டாண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து, அவன் உட்காரும் நாற்காலிக்கு இடது பக்கம் வைத்தேன். நானே உட்கார்ந்து இடது கையை நீட்டிப் பார்த்து, இரண்டு விரல் உயரம் குறைத்து, திருகை இறுக்கினேன்.